மண்ணைக் காக்கும் மணவேர்



வெட்டிவேரைப் பற்றி வானொலியில் பேசப் போவதாக நான் வீட்டில் சொன்னபோது, பள்ளியிற் படிக்கும் என் தங்கை மகன், "மாமா, அப்படியானால் அது வெட்டிப் பேச்சுத்தானே?" என்று கேட்டு நகைத்தான். நானும் சிரித்துக்கொண்டேன். ஆனால் அவன் கேட்ட கேள்வி ஒருவகையில் நல்ல தொடக்கமாக அமைந்துவிட்டது. இப்பெயரில் உள்ள 'வெட்டி' பயனற்றது என்னும் பொருள்படும் சொல் அன்று. மண்ணை வெட்டித் தோண்டி எடுக்கும் வேர் ஆதலின் வெட்டிவேர் என்று பெயர் பெற்றது என்பர். இத்தமிழ்ச் சொல் கடல் கடந்து பிரெஞ்சு மொழியிற் புகுந்து, அங்கிருந்து ஆங்கிலத்திலும் பிற ஐரோப்பிய மொழிகளிலும் குடியேறிவிட்டது. இன்று பாரிசில் நறுமணக் கடைக்குச் சென்று 'வெட்டிவேர்' என்று கேட்டால், கடைக்காரர் விளங்கிக்கொள்வார். 1959-இல் அந்நாட்டு நிறுவனம் ஒன்று வெளியிட்ட புகழ்பெற்ற நறுமணப் பொருளின் பெயரே 'வெட்டிவேர்' என்பதுதான்.

வேரை அறிந்த நம்மிற் பலர் அதன் செடியைக் கண்டதில்லை. அது ஒரு புல். கரும்பு, சோளம், எலுமிச்சைப்புல் ஆகியவற்றின் நெருங்கிய உறவு. சுவீடன் நாட்டுத் தாவர அறிஞர் லின்னேயஸ் 1771-இல் இதற்கு அறிவியற் பெயர் சூட்டினார். பின்னர் வந்தவர்கள் நம் தமிழ்ச் சொல்லையே எடுத்து 'வெட்டிவேரியா' என்னும் இனப்பெயரை அமைத்தார்கள். இப்போது தாவர நூலார் இதைக் 'கிரைசோபோகன்' என்னும் இனத்திற் சேர்த்திருக்கிறார்கள். வடமொழியில் உசீரம் என்றும், இந்தியில் கஸ் என்றும், மலையாளத்தில் ராமச்சம் என்றும் வழங்குவது இதுவே.

செடி பெருந்தூராக வளரும். இலைகள் ஒடுங்கி, நீண்டு, விறைப்பாக நிற்கும். விரலை அழுத்தி ஓட்டினால் ஓரம் சொரசொரப்பாக இருக்கும். தண்டுகள் ஆள் உயரத்துக்கு எழுந்து, ஊதா நிறம் கலந்த பூங்கதிர்களை விடும். தோட்டத்து நடைபாதையின் ஓரத்தில் இதை வரிசையாக நட்டால், காற்றில் அசையும் பசிய வேலிபோல் கண்ணுக்கு இனிமையாக இருக்கும். இலையைக் கசக்கி முகர்ந்தால் மணம் ஒன்றும் இராது. மணம் முழுவதும் மண்ணுக்குள்ளே இருக்கிறது.

அந்த மணம் ஏன் நெடுநாள் நிற்கிறது என்பதை முதலிற் பார்ப்போம். மணம் என்பது பொருளிலிருந்து ஆவியாகப் பிரிந்துவந்து நம் மூக்கை அடையும் நுண்ணிய மூலக்கூறுகளே. இலேசான மூலக்கூறுகள் விரைவிற் பறந்துவிடும். பல பூக்களின் மணம் மாலைக்குள் மங்குவது இதனால்தான். வெட்டிவேரின் எண்ணெயிலோ 15 கரி அணுக்களைக் கொண்ட கனமான மூலக்கூறுகள் நிறைந்திருக்கின்றன. அவை மெல்ல மெல்லவே பிரியும். ஆகையால் நறுமணம் செய்வோர் பிற மணங்களையும் தாங்கிப் பிடித்து நிறுத்த இதைச் சேர்க்கிறார்கள். நம் பாட்டிமார் பட்டுப்புடவைகளுக்கு இடையே நான்கு வேரைச் செருகிவைத்ததும் இந்தக் குணத்தை அறிந்தேதான்.

அடுத்தது குளிர்ச்சி. கோடையில் சன்னலில் வெட்டிவேர்த் தட்டி கட்டி, நீர் தெளித்து வைப்பது பழைய வழக்கம். அக்பரின் அரண்மனையில் வேர்த் தட்டிகளுக்கு நீர் தெளித்துக் கோடையைக் குளிர்வித்த செய்தியை அபுல் பசல் தம் அயினி அக்பரியில் எழுதியிருக்கிறார். இதில் மந்திரம் ஏதுமில்லை. ஒரு லிட்டர் நீரை 30 பாகை வெப்பத்திலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர எவ்வளவு வெப்பம் வேண்டுமோ, அதைப்போல் ஏறத்தாழ எட்டு மடங்கு வெப்பம் அதே நீர் ஆவியாக மாறுவதற்குத் தேவை. நனைந்த வேரின் வழியே காற்று நுழையும்போது, நீர் ஆவியாகிறது. அதற்கு வேண்டிய வெப்பத்தை அக்காற்றிடமிருந்தே எடுத்துக்கொள்கிறது. வெப்பத்தை இழந்த காற்று அறைக்குள் குளிர்ந்து வருகிறது. வேர்கள் மெல்லிய இழைகளாகப் பின்னிக் கிடப்பதால் நீர் தங்கும் பரப்பு மிகுதி. காற்று உலர்ந்திருந்தால் நீர் விரைந்து ஆவியாகும். ஆகவே வேலூரிலும் மதுரையிலும் இத்தட்டி தரும் குளிர்ச்சியைக் கடற்கரைச் சென்னையில் அதே அளவுக்கு எதிர்பார்த்தல் கூடாது.

மணமும் குளிர்ச்சியும் எல்லாரும் அறிந்தவை. நான் இன்று சிறப்பாகச் சொல்ல விரும்புவது மூன்றாவது பயன். அதை நான் கற்றது நூலில் அன்று. என் குடும்ப நிலத்தில். அதற்கு விலையும் கொடுத்தேன்.

எங்களுக்குத் தருமபுரிப் பக்கத்தில் மூன்று ஏக்கர் மேட்டுநிலம் உண்டு. சரிவான செம்மண். மழையை நம்பிக் கேழ்வரகும் நிலக்கடலையும் கொள்ளும் விதைப்போம். 2005-ஆம் ஆண்டு வடகிழக்குப் பருவமழை தமிழகமெங்கும் கடுமையாகப் பெய்தது உங்களிற் பலர் பிறப்பதற்கு முன் நடந்த செய்தி. அம்மழையில் எங்கள் நிலத்தின் நடுவே நீர் கிழித்துக்கொண்டு ஓடி, இடுப்பளவு ஆழத்துக்கு ஒரு பள்ளம் உண்டாயிற்று. மேல் மண் முழுவதும் ஓடையிற் போய்ச் சேர்ந்தது. வரப்பைக் கட்டினோம், அடுத்த மழை வரப்பை உடைத்தது. மீண்டும் கட்டினோம், மீண்டும் உடைத்தது. அக்கேட்டை நேரில் கண்ட பின்னர்தான், வகுப்பில் பல ஆண்டுகள் தாவரவியல் கற்பித்த நான், வெட்டிவேரை வேலியாக நடும் முறையைக் கருத்தூன்றிப் படித்தேன்.

இம்முறை புதியதன்று. மைசூரை அடுத்த குண்டலுப்பேட்டைப் பகுதியில் உழவர்கள் நெடுங்காலமாக வயல் எல்லையில் இப்புல்லை வரிசையாக வளர்த்துவந்திருக்கிறார்கள். 1980-களில் உலக வங்கியின் வேளாண்மை அலுவலர்களான ரிச்சர்டு கிரிம்ஷா, ஜான் கிரீன்ஃபீல்டு ஆகிய இருவரும் மண்ணரிப்பைத் தடுக்கும் வழியாக இதை இந்தியாவில் ஊக்கிப் பரப்ப முயன்றார்கள். தாய்லாந்து மன்னர் பூமிபால் 1991 முதல் தம் நாட்டில் இதை ஆதரித்தார். அந்நாட்டுச் சியாங்ராய் நகரில் 1996-இல் முதல் பன்னாட்டு வெட்டிவேர் மாநாடு கூடிற்று. நம் நாட்டு இலக்னோவில் 2011-இல் ஐந்தாம் மாநாடு நடந்தது. நம் பெயரோடு உலகைச் சுற்றிய புல் நம்மிடமே திரும்பிவந்தது என்று சொல்லலாம்.

ஒரு புல்வரிசை வெள்ளத்தை எவ்வாறு தடுக்கும்? மாணவர்கள் இங்கே சற்றுக் கவனிக்க வேண்டும். வேலி நீரைத் தடுத்து நிறுத்துவதில்லை, வேகத்தைக் குறைக்கிறது. ஓடும் நீரின் வேகம் இரட்டித்தால் அது உருட்டக்கூடிய கல்லின் எடை 64 மடங்கு ஆகும் என்பது நீரியலாரின் பழைய விதி. அப்படியானால் வேகம் பாதியாகும்போது என்ன ஆகும்? அதன் உருட்டும் வலிமை 64-இல் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். நெருங்கி நிற்கும் விறைப்பான தூர்களில் மோதிய நீர், வேகம் இழந்து, பக்கவாட்டிற் பரவி, தான் சுமந்துவந்த மண்ணை அங்கேயே இறக்கிவிட்டு, தெளிந்து மறுபுறம் கசிகிறது. சிறிது நீர் நிலத்துக்குள்ளும் இறங்குகிறது. இறங்கிய மண் வேலியின் மேற்புறத்தில் ஆண்டுக்காண்டு உயர்ந்து, தானே ஒரு படிக்கட்டு நிலமாக அமைகிறது. மண் மூடினால் புல் மடிந்துபோகாதோ என்று நீங்கள் கேட்கலாம். மடியாது; மூடிய தண்டின் கணுக்களிலிருந்து புதுவேர் விட்டு மண்ணோடு தானும் உயர்ந்துகொள்ளும்.

மண்ணுக்குக் கீழே நடப்பது இன்னும் வியப்புக்குரியது. பெரும்பாலான புற்களின் வேர் பக்கத்திற் படரும். வெட்டிவேரின் வேரோ நேர் கீழே இறங்கும். நல்ல மண்ணில் முதல் ஆண்டிலேயே மூன்று மீட்டர் ஆழத்தையும் எட்டக்கூடும். ஆகையால் பக்கத்துப் பயிரின் உணவை அது பெரிதும் பறிப்பதில்லை. மேல்மண் காய்ந்தாலும் அடியில் உள்ள ஈரத்தைப் பருகி உயிர் வாழ்கிறது. அவ்வேரின் இழுவலிமையைச் சோதித்த பொறியியலார், அது மெல்லெஃகின் வலிமையில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு என்று கண்டார்கள். சாலை ஓரச் சரிவுகளிலும் ஏரிக்கரைகளிலும் பல நாடுகள் இதை நடுவது இதனால்தான்.

இனி நடும் முறை. தென்னிந்தியாவில் வளர்க்கும் வகை முளைக்கத்தக்க விதை தருவதில்லை. அது ஒரு குறைபோல் தோன்றினும் உழவனுக்கு நன்மையே. வைத்த இடத்தில் நிற்கும், களையாகப் பரவாது. முதிர்ந்த தூரைத் தோண்டி, இரண்டு மூன்று தண்டுகள் கொண்ட சிறு நாற்றுகளாகப் பிரிக்க வேண்டும். இலையை ஒரு சாண் அளவும் வேரை அதிற் பாதியளவும் விட்டு நறுக்கிவிட வேண்டும். மழைக்காலத் தொடக்கத்தில், சரிவுக்குக் குறுக்கே, ஒரே மட்டமாகச் செல்லும் கோட்டில் நட வேண்டும். மட்டம் பார்க்கக் கொத்தனார்கள் பயன்படுத்தும் நீர்க்குழாயே போதும். நாற்றுக்கு நாற்று 10 முதல் 15 சென்டிமீட்டர் இடைவெளி. அதற்கு மேற்பட்டால் நீர் அந்தச் சந்தில் பாய்ந்து அதையே வாய்க்காலாக்கிவிடும். வேர் பிடிக்கும்வரை தண்ணீரும் களையெடுப்பும் தேவை. ஓரிடத்தில் பட்டுப்போனால் உடனே வேறு நாற்றை ஊன்ற வேண்டும். பிறகு ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை முழங்கால் உயரத்துக்கு அறுத்துவிட்டால் தூர் அடர்ந்து தடிக்கும். அறுத்த இளந்தழை மாட்டுக்கு உணவு. முற்றிய தாள் கூரை வேயவும், செடியடியில் மூடாக்காகப் பரப்பவும் உதவும்.

நான் மூன்று வரிசைகள் நட்டேன். முதல் வரிசையின் ஒரு முனை புளியமரத்தின் அடியில் அமைந்தது. அங்கே நட்ட நாற்றுகள் தழைக்கவே இல்லை. நீர் போதவில்லை என்று எண்ணிக் குடம் குடமாக ஊற்றினேன். பயனில்லை. இப்புல் வெயிலுக்கு உரியது; நிழல் ஒன்றைத்தான் பொறாது என்பதைப் பின்னரே உணர்ந்தேன். மற்ற இடங்களில் வேலி மூன்றாம் ஆண்டில் இடைவெளியின்றிக் கூடிவிட்டது. வரிசைகளின் மேற்புறம் ஒரு சாண் உயரத்துக்கு மண் தங்கியது. பழைய பள்ளம் தூர்ந்துவந்தது.

2016-இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. தமிழ்நாட்டில் இயல்பான அளவிற் பாதிகூடப் பெய்யவில்லை. எங்கள் கொள்ளும் கருகிற்று. வெட்டிவேரின் இலைகளும் நுனியிலிருந்து காய்ந்து வைக்கோல் நிறமாயின. செத்துவிட்டது என்றே பலர் சொன்னார்கள். அடுத்த ஆண்டு முதல் மழை பெய்த பத்தாம் நாள் ஒவ்வொரு தூரின் நடுவிலும் பச்சைக் குருத்து எழுந்தது. அதைக் கண்டு நான் மகிழ்ந்ததை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

அம்மகிழ்ச்சி ஓராண்டுகூட நீடிக்கவில்லை. 2018 கோடையில் வேர் வாங்கும் வியாபாரி ஒருவர் எங்கள் ஊருக்கு வந்தார். என் சிற்றப்பா அவரை வயலுக்கு அழைத்துவந்து காட்டினார். அன்று மாலை சிற்றப்பா என்னிடம், "தம்பி, நிலத்துக்குள்ளே பணத்தைப் புதைத்து வைத்துக்கொண்டு, மகளின் கல்லூரிக் கட்டணத்துக்குக் கடன் கேட்டு அலைகிறாயே! நடு வரிசையை மட்டும் வெட்டுவோம். வெட்டிய இடத்திலேயே நாற்றை ஊன்றிவிட்டால் மறுபடி வளர்ந்துவிடுகிறது" என்றார்.

"சித்தப்பா, வேர் பிடிக்க நாள் ஆகுமே. அதற்குள் மழை வந்தால்?" என்று கேட்டேன்.

"மழை வருவதற்கு இன்னும் எத்தனையோ நாள் இருக்கிறது" என்றார் அவர்.

அவர்மேற் பழி போட்டு நான் தப்பித்துக்கொள்ள விரும்பவில்லை. எனக்குத் தெரியாத செய்தி ஒன்றும் அங்கே இல்லை. கட்டணம் கட்டவேண்டிய நாள் நெருங்கியிருந்தது, நான் இணங்கினேன்.

கடப்பாரையும் மண்வெட்டியும் கொண்டு நான்கு நாட்கள் தோண்டினோம். சரளை கலந்த செம்மண்ணில் வேர் முழுமையாக வரவில்லை, பாதியில் அறுந்தது. வியாபாரி கொடுத்த பணம் கட்டணத்தில் பாதிக்குத்தான் போதுமானதாயிற்று. தோண்டிய இடத்தில் நாற்றுகளை ஊன்றினோம். ஐப்பசியில் ஒருநாள் மாலை, ஒரு மணி நேரம் இடியும் மழையுமாகக் கொட்டிற்று. மறுநாட் காலையில் சென்று பார்த்தபோது, நடு வரிசை இருந்த இடமே தெரியவில்லை. நாங்கள் கிளறிவிட்ட மண்ணே முதலிற் கரைந்திருக்கிறது. அதன் வழியே நீர் பாய்ந்து பழைய பள்ளத்தை மீண்டும் திறந்துவிட்டது. பன்னிரண்டு ஆண்டுகளாகச் சேர்ந்த மண் ஒரு மணி நேரத்திற் போய்விட்டது.

முழுவதும் போகவில்லை என்றும் சொல்ல வேண்டும். கீழ் வரிசை நின்றது. மேலிருந்து வந்த மண்ணிற் பெரும்பகுதி அதன் காலடியில் முழங்கால் உயரத்துக்குக் குவிந்து கிடந்தது. சிற்றப்பா அதன் அருகே நெடுநேரம் பேசாமல் நின்றார். அடுத்த ஆண்டு மழைக்கு முன், என்னை அழைக்காமலே, கீழ் வரிசையின் ஓரத் தூர்களிலிருந்து நாற்றுப் பிரித்து, நடு வரிசையைத் தம் கையாலேயே மீண்டும் நட்டார். அப்போது அவருக்கு வயது எழுபதைக் கடந்திருந்தது.

எங்கள் சிறு நிலத்தில் நடந்தது உலகின் பிற இடங்களிலும் நடந்திருக்கிறது. வெட்டிவேர் எண்ணெய் விற்பனையில் ஹெய்ட்டி நாடு முதன்மையானது. நூறு கிலோ உலர்ந்த வேரைப் பல மணி நேரம் நீராவியில் வடித்தால் ஏறத்தாழ ஒரு கிலோ எண்ணெய் கிடைக்கும். ஆகவே வேர் மலைமலையாக வேண்டும். அங்கே ஏழை உழவர்கள் வறுமையின் நெருக்கடியால், முதிருமுன்பே, மலைச்சரிவுகளில் வேரைத் தோண்டி விற்கிறார்கள். மண் கடலுக்குப் போகிறது. ஜாவாவின் மலைப்பகுதிகளிலும் இதே துன்பம் உண்டாயிற்று. மண்ணைக் காக்க அதனினும் சிறந்த புல் அரிது. ஆயினும் அதே புல்லைச் சரிவிலிருந்து தோண்டினால் அரிப்புக்கு நாமே வழி திறந்தவர்களாவோம். பசியுள்ளவனிடம் தோண்டாதே என்று மட்டும் சொல்வது அறிவுரை ஆகாது. அவனுக்கு வேறு வழியும் காட்ட வேண்டும்.

வழி இருக்கிறது. வேலிக்கு நடுவது வேறு, வேருக்கு நடுவது வேறு என்று முதலிலேயே பிரித்துவிட வேண்டும். வேருக்குச் சமதளமான மணற்பாங்கான நிலமே ஏற்றது. கடலூர் மாவட்டத்துக் கடலோர மணலில் இவ்வாறுதான் பயிரிடுகிறார்கள். அங்கே மண் இளகியிருப்பதால் வேர் அறாமல் நீளமாக வருகிறது; தரை மட்டமாக இருப்பதால் அரிப்பும் குறைவு. நட்டு ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டுக்குள் வேரை எடுக்கலாம். மணல் நிலம் இல்லாதவர்கள் சாக்குப்பைகளில் மணலும் எருவும் நிரப்பி வளர்த்து, பையைக் கிழித்து வேரை எடுத்துக்கொள்ளலாம். நாங்கள் இப்போது வீட்டுக்குப் பின்னால் அவ்வாறே செய்கிறோம். வருவாய் பெரிதன்று, ஆனால் வயல் வரிசையின்மேற் கை வைக்கும் எண்ணம் எவருக்கும் எழுவதில்லை.

மாணவ நண்பர்களே! நான் சொன்னவற்றை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். இரண்டு தட்டுகளில் மண்ணை நிரப்பிச் சரிவாக வையுங்கள். ஒன்றின் குறுக்கே துடைப்பக் குச்சிகளை நெருக்கமாக ஊன்றுங்கள். இரண்டிலும் பூவாளியால் ஒரே அளவு நீரை ஊற்றி, கீழே வடிந்துவரும் நீரைக் கண்ணாடிக் குவளைகளிற் பிடியுங்கள். எந்தக் குவளையின் அடியில் மிகுதியாக மண் படிகிறது என்று பாருங்கள். பின்னர் உங்கள் பள்ளியைச் சுற்றிப் பாருங்கள். விளையாட்டுத் திடலின் ஓரத்தில் மழைநீர் அரித்த இடம் ஒன்று இருக்கும். ஆசிரியரின் இசைவு பெற்று, வெயில் படும் அவ்விடத்தில் ஒரு வரிசை வெட்டிவேர் நடுங்கள். முதல் ஆண்டு களை எடுங்கள். விட்டுப்போன இடத்தை நிரப்புங்கள். மூன்றாம் ஆண்டில் அதன் மேற்புறத்தில் ஓர் அளவுகோலை ஊன்றி, மண் எவ்வளவு உயர்ந்தது என்று குறித்துவையுங்கள்.

வேர் வேண்டுமென்றால் தனியே ஒரு பையில் வளர்த்துக்கொள்ளுங்கள். சரிவில் நிற்பதை மட்டும் தோண்டிவிடாதீர்கள்.